பளு குறைந்த சாலைக்கரை

(திருநெல்வேலி வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரையில் தாமிரபரணியின் இருமருங்கும் நன்செய் நிலம் பரந்து கிடக்கிறது. எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களும், அவற்றால் நிரம்பும் குளங்களும், கார், பிசானம் என இரு பூ விளையும் வயல்களும் நமது மாவட்டத்தின் செல்வம். ஆயினும், இந்நிலத்தின் வளமே சாலை போடுகிறவருக்குச் சங்கடமாய் அமைந்துவிடுகிறது. நெல்லுக்கு எத்தகைய மண் உகந்ததோ, அத்தகைய மண் சாலைக்கு உகந்ததன்று. ஆண்டில் பல மாதங்கள் நீர் தேங்கி நிற்கும் களிமண்ணின் மேல் கரை எழுப்பிச் சாலை போடுகிறோம். இரண்டொரு மழைக்காலம் கழிந்ததும் சாலை தாழ்கிறது. மேலும் சரளும் ஜல்லியும் கொட்டி மேடாக்குகிறோம். அது மீண்டும் தாழ்கிறது. ‘சாலை வேலை சரியில்லை’ என்று குத்தகைதாரரைக் குறை கூறுகிறோம். அவர் மீது குறை இருக்கும் இடங்களும் உண்டு. ஆனால், நன்றாய் வேலை செய்த சாலையும் அமுங்குவது ஏன் என்பதை நாம் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

இது இப்பொழுது எல்லா ஊர்களிலும் எழும் கேள்வியாகும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. குளங்கள் உடைந்தன. சாலைகள் பல இடங்களில் அறுத்துக்கொண்டு போயின. ஸ்ரீவைகுண்டத்தருகே ரயில் பாதையின் அடிக்கல் அரித்துப் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயிலில் ஏறக்குறைய 800 பயணிகள் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் அகப்பட்டுக்கொண்டனர். அந்த வெள்ளத்திற்குப் பின்னர் ஊர்தோறும் எழும் கோரிக்கை ஒன்றே: ‘எங்கள் சாலையை ஒரு மீட்டர் உயர்த்திக் கொடுங்கள்.’ கோரிக்கை நியாயமானதே. ஆனால் அந்த ஒரு மீட்டரின் விலை என்ன என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

நன்றாய் இறுக்கிய மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1.9 டன் எடையுள்ளது. சாலையை ஒரு மீட்டர் உயர்த்தினால், கீழேயுள்ள நிலத்தின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் கிட்டத்தட்ட 2 டன் பளுவை ஏற்றுகிறோம். இதை லாரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று அச்சுள்ள லாரியின் சட்டபூர்வமான மொத்த எடை 28.5 டன். அது நிற்கும் இடம் ஏறக்குறைய 22 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒன்றேகால் டன்னுக்குச் சற்று மேல் வருகிறது. ஆகவே, நிறை பாரம் ஏற்றிய லாரிகளை முன்னும் பின்னும், பக்கத்துக்குப் பக்கம் இடைவெளியின்றிச் சாலை முழுவதும் நிறுத்திவைத்தாலும், ஒரு மீட்டர் மண்ணின் பளுவுக்கு ஈடாகாது. லாரி வந்து போய்விடும். மண் இரவும் பகலும் அங்கேயே இருக்கும். பாலத்தை ஒட்டிய இடங்களில் கரை 3 மீட்டர் உயர்ந்தால் பளு சதுர மீட்டருக்கு 5.7 டன் ஆகிறது.

இந்தப் பளுவின் கீழ் களிமண் என்ன செய்கிறது? ஈரத்துணியைப் பிழிந்தாற்போல் தன்னுள் இருக்கும் நீரை மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. விட்ட அளவுக்குத் தாழ்கிறது. களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவையாதலால் நீர் வெளியேறுவதற்கு மாதங்களோ ஆண்டுகளோ பிடிக்கும். களிமண் படிவத்தின் கனம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும். எனவேதான், திறப்பு விழாவன்று சமமாயிருந்த சாலை மூன்றாம் ஆண்டில் பள்ளமாகிறது. தாழ்ந்த இடத்தில் மேலும் மண் போடுவது பளுவை மேலும் கூட்டுவதாகும். அதன் பயனாய் மேலும் தாழும். பாலத்தின் தூண்கள் உறுதியான அடித்தளத்தில் ஊன்றியவை, அவை தாழ்வதில்லை. பாலத்தை ஒட்டிய கரை மட்டும் தாழ்கிறது. பாலத்தின் முகப்பில் வண்டிகள் துள்ளி விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மற்றொரு விளைவும் உண்டு. சேறு மிக இளகியதாயிருந்தால் அது தாழ்வதோடு நில்லாமல் பக்கவாட்டில் பிதுங்கும். சாலையோரத்து வயலின் வரம்பு மேலெழும். வாய்க்காலின் தரை உயர்ந்து நீரோட்டம் குறையும். வாய்க்காலில் தண்ணீர் ஏறவில்லை என்று மடையைக் குறை கூறும் உழவர், அருகில் அண்மையில் உயர்த்திய சாலை உண்டா என்றும் பார்த்தல் நலம்.

சேறு தாங்கவில்லையெனில் செய்யக்கூடியவை சிலவே. சேற்றைத் தோண்டி எடுத்துவிட்டு நல்ல மண் இடலாம். ஆழம் மிகுந்தால் செலவு தாங்காது. நீர் விரைந்து வடிவதற்கு வடிகுழிகள் இறக்கிக் காத்திருக்கலாம். அல்லது, மேலே வைக்கும் பளுவையே குறைக்கலாம். இம்மூன்றாவது வழியைப் பற்றியே இன்று விரித்துப் பேச விரும்புகிறோம்.

இது புதிய யோசனையன்று. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரையும் மான்செஸ்டர் நகரையும் இணைத்து 1830-இல் திறக்கப்பட்ட ரயில் பாதை, சாட் மாஸ் என்ற ஆழமான சதுப்பு நிலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. கொட்டிய மண்ணெல்லாம் சதுப்பில் மறைந்தது. ஜார்ஜ் ஸ்டீவன்ஸன் என்ற எஞ்சினீயர் மிலாறுகளையும் புதர்ச்செடிகளையும் பின்னித் தட்டிகளாக்கி, அவற்றைச் சதுப்பின் மேல் பரப்பிப் பாதையை மிதக்கவிட்டார். நார்வே நாட்டார் மரத்தூளையும் மரப்பட்டையையும் கரையில் இட்டுப் பார்த்தனர். பின்னர் 1972-இல் ஆஸ்லோ நகருக்கு அருகே, ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டிருந்த ஒரு சாலையில் மண்ணை எடுத்துவிட்டுத் தெர்மோகோல் கட்டிகளை அடுக்கி அதன் மேல் சாலை அமைத்தனர். நம் ஊரில் கண்ணாடிச் சாமான்களைப் பெட்டியில் அடைக்கும் அதே வெண்ணிறப் பொருள்தான். ஒரு கன மீட்டர் எடை ஏறக்குறைய 20 கிலோகிராம். அதாவது மண்ணின் எடையில் நூற்றில் ஒரு பங்கு. அது முதல் பல நாடுகளில் இம்முறை பரவியுள்ளது.

அப்படியானால் நாமும் அதைச் செய்யலாமே என்று கேட்கலாம். தாமிரபரணி வடிநிலத்துக் கிராமச் சாலைக்கு நாம் இதைச் சிபாரிசு செய்யமாட்டோம். விலை ஒரு தடை. அதனினும் பெரிய தடை வெள்ளம். 20 கிலோ எடையுள்ள கட்டி நீரில் மூழ்கினால், அது விலக்கும் நீரின் எடை 1,000 கிலோ. அத்தனை வேகத்தோடு மேலே எழ முயலும். அதை அழுத்திப் பிடிக்க மேலே மண்ணும் கான்கிரீட்டும் வைத்தாக வேண்டும். வைத்தால் பளு குறைத்த பயன் போயிற்று.

நெல் அரைவை ஆலைகளில் உமி மலிவாய்க் கிடைக்கிறதே, அதைக் கொட்டலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. கூடாது. நார்வேயின் குளிர் வேறு, நமது வெயில் வேறு. மட்கும் பொருளைக் கரையின் உள்ளே வைத்தால் கறையானும் நெருப்பும் விட்டுவைக்கமாட்டா. பழைய டயர்களை வெட்டித் துணுக்குகளாக்கி இடும் முறையும் உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 1995-ஆம் ஆண்டில் இவ்வாறு கட்டிய இரண்டு உயரமான கரைகள், எவரும் தீ வைக்காமலே உள்ளுக்குள் சூடேறி எரியலாயின. அதன் பின்னர் அங்கே டயர்த்துணுக்கு அடுக்கின் கனத்தை 3 மீட்டருக்குள் நிறுத்தினர்.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நிலக்கரிச் சாம்பல். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் பிரிவு 1979-இல் இயங்கத் தொடங்கிற்று. பின்னர் 210 மெகாவாட் கொண்ட ஐந்து பிரிவுகளாய் வளர்ந்தது. 2015-இல் தலா 500 மெகாவாட் கொண்ட இரு பிரிவுகளுடன் மற்றொரு நிலையமும் அங்கே வந்தது. நம் நாட்டு நிலக்கரி 100 டன் எரிந்தால் 30 முதல் 40 டன் வரை சாம்பல் மிஞ்சும். புகையோடு போகும் நுண்ணிய உலர்சாம்பலைச் சிமெண்ட் ஆலைகளும் செங்கல் சூளைகளும் வாங்கிக்கொள்கின்றன. நீரில் கரைத்துத் தேக்கத்திற்கு அனுப்பும் சாம்பல் அங்கே படிந்து கிடக்கும். சாலைக்கரைக்கு உகந்தது இந்தப் படிவுச் சாம்பலே. உலர்சாம்பலைவிடச் சற்றுப் பருமனான துகள்களை உடையது.

இதன் எடையைப் பற்றி மிகைப்படக் கூறுவோரும் உளர். ஆகையால் உள்ளதை உள்ளபடி சொல்லுவோம். சாம்பலுக்குச் சாம்பல் வேறுபாடு உண்டு. ஈரப்படுத்தி இறுக்கிய படிவுச் சாம்பல் ஒரு கன மீட்டர் 1.4 டன் என்று நடுத்தரமாய் வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் உயரமுள்ள கரையில் மேல் அரை மீட்டர் மண்ணும், அதன் கீழ் இரண்டரை மீட்டர் சாம்பலும் இட்டால், சதுர மீட்டருக்கு 4.45 டன் ஆகிறது. முழுவதும் மண்ணாயின் 5.7 டன். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே பளு குறைகிறது. இது தெர்மோகோல் தரும் அற்புதமன்று. ஆனால் தன் எல்லையை நெருங்கி நிற்கும் சேற்றுநிலத்தில், ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் கரை நிற்கும்; குறையாவிடில் சரியும் என்ற நிலை பல இடங்களில் உண்டு.

மற்றொரு ஆதாயமும் இருக்கிறது. உழவர்களுக்கு இதுவே பெரிதாய்த் தோன்றலாம். மேல் அகலம் 7.5 மீட்டர், உயரம் 3 மீட்டர், ஒன்றுக்கு இரண்டு என்ற சரிவு என்று கொண்டால், ஒரு கிலோமீட்டர் கரைக்கு 40,500 கன மீட்டர் மண் வேண்டும். 10 கன மீட்டர் ஏற்றும் டிப்பர் லாரிக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட நடை. இம்மண் எங்கிருந்து வரும்? யாரோ ஒருவருடைய புன்செயிலிருந்தும், ஊர்ப் பொதுவிலிருந்தும், தேரிக்காட்டிலிருந்தும்தான் வரவேண்டும். சில வேளைகளில் குளத்துக் கரம்பையே சாலைக்குப் போய்விடுகிறது. வயலுக்கு எருவாக வேண்டிய கரம்பையைச் சாலையில் கொட்டுவது வயலுக்கும் நஷ்டம், சாலைக்கும் கேடு; காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் குழையும் மண் அது. பக்கங்களில் ஒரு மீட்டர் மண் போர்வை விட்டு நடுவே சாம்பல் இட்டால், வேண்டிய மண்ணில் பாதிக்கு மேல் மிச்சமாகும்.

சட்டமும் இதற்கு ஆதரவாய் இருக்கிறது. மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999-இல் தொடங்கிப் பல அறிவிக்கைகளை வெளியிட்டுள்ளது. 2021 டிசம்பர் 31-ஆம் தேதி அறிவிக்கையின்படி, அனல்மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடைபெறும் சாலைக்கரை வேலைகளில் சாம்பலைப் பயன்படுத்துதல் கட்டாயம். மின் நிலையம் சாம்பலை விலையின்றி வேலையிடத்திற்கே தன் செலவில் கொண்டுவந்து தருதல் வேண்டும். தனக்கு வேறு வகையில் சாம்பல் விலைபோகுமாயின், கேட்பவரோடு பேசி விலை வைக்கலாம் என்ற விலக்கும் உண்டு. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். ஆகவே மதிப்பீட்டில் சாம்பலுக்கும் அதன் வண்டிக் கூலிக்கும் தொகை எழுதியிருந்தால், ஏன் எழுதினீர்கள் என்று கேட்பதற்குப் பஞ்சாயத்துக்கு உரிமை உண்டு.

வெள்ளப் பரப்பில் சாம்பல் நிற்குமா என்ற ஐயம் இயல்பானது. தில்லியில் யமுனையின் வெள்ளப் பரப்பில், இரண்டாவது நிஜாமுதீன் பாலத்தை அணுகும் சாலைக்கரை 1990-களில் சாம்பலால் கட்டப்பட்டது. நீளம் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர், உயரம் 6 முதல் 9 மீட்டர் வரை, உள்ளே இட்ட சாம்பல் சுமார் ஒன்றரை லட்சம் கன மீட்டர். அங்கே பெற்ற அனுபவத்தையும் சேர்த்து இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2001-இல் தனி வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. ஆனால் யமுனைக் கரை வெறும் சாம்பல் மேடு அன்று. பக்கங்களில் மண் போர்வையும் அதன் மேல் கற்பதிப்பும் செய்தே நிறுத்தினார்கள். இந்தப் போர்வையை மறந்து சாம்பலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோரைக் கண்டு நாம் அஞ்சுகிறோம்.

ஏனெனில் சாம்பலில் ஒட்டும் பசை இல்லை. காய்ந்தால் காற்றில் பறக்கும். நீர் ஓடினால் கரைந்துபோகும். போர்வையில் ஓர் எலிவளை அளவு ஓட்டை இருந்தாலும், அதன் வழியே உள்ளிருக்கும் சாம்பல் முழுவதும் வெளியேறி, மேலே தார்ச்சாலை மட்டும் கூரைபோல் நிற்கக்கூடும். மேலும், நீரில் மூழ்கிய நிலையில் கணக்கு மாறுகிறது. நீர் ஊறிய மண் கன மீட்டருக்கு 2 டன். நீர் தன் பங்காக 1 டன்னைத் தாங்கிக்கொள்ள, 1 டன் எஞ்சி நின்று கரையைப் பிடித்துவைக்கும். நீர் ஊறிய சாம்பல் ஏறக்குறைய 1.5 டன்; எஞ்சுவது அரை டன்தான். சாலையின் ஒரு புறம் வெள்ளம் ஏறி நின்று தள்ளும்பொழுது, சாம்பற்கரைக்கு எதிர்த்து நிற்கும் பலம் பாதியே. வெள்ளம் இல்லாத நாளில் நமக்கு உதவிய பளுக்குறைவு, வெள்ள நாளில் நமக்கே எதிரியாகிறது.

ஆகவே, சாலை குறுக்கே நின்று நீரைத் தடுக்கும் இடத்தில் முதலில் கேட்க வேண்டியது கரை எதனால் ஆனது என்பதன்று. நீர் போக வழி எத்தனை என்பதே. குளத்தின் மறுகால் ஓடை, வாய்க்கால், வயலிலிருந்து வயலுக்கு நீர் வடியும் பள்ளம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் போதிய சிறுபாலம் அமைத்துவிட்டுப் பின்னர் உயரத்தைப் பற்றிப் பேசலாம். 2023-இல் எந்த இடத்தில் நீர் சாலையைத் தாண்டிற்று என்பதை ஊரார் விரல் நீட்டிக் காட்டுவர். அவ்விடத்தில் சாலையை உயர்த்தாமல், கான்கிரீட் தாம்போதியாய் வைத்து நீரைத் தாண்டிப் போகவிடுவது நம் கருத்தில் பல ஊர்களுக்கு ஏற்றது. ஆண்டில் சில நாள் போக்குவரத்து நிற்கும். சாலையை உயர்த்திவிட்டால் அந்த நீர் மேற்புறத்து வீடுகளில் ஏறும். எது மேல் என்பதைப் பஞ்சாயத்துத்தான் முடிவு செய்தல் வேண்டும். எஞ்சினீயர் ஒருவரே முடிவு செய்யக்கூடிய விஷயமன்று.

குளக்கரையே சாலையாய் இருக்கும் ஊர்கள் நம்மிடையே அநேகம். அங்கே கரைக்குள் சாம்பல் இடவே கூடாது. குளக்கரையின் வேலை நீரைத் தடுத்து நிறுத்துவது. அதற்கு வேண்டியது பசையுள்ள மண். அதன் இடத்தைச் சாம்பல் நிரப்பாது.

குடிநீரைப் பற்றியும் கவனம் தேவை. நிலக்கரியில் சிறிதளவு இருக்கும் சில உலோகங்களும் உப்புகளும் சாம்பலிலும் இருக்கும். நீர் ஊடுருவினால் அவை கசியலாம். கடல் நீரில் கரைத்து அனுப்பிய சாம்பலாயின் கடலுப்பும் கூட வரும். அது வயலுக்கும் ஆகாது, பாலத்தின் கம்பிக்கும் ஆகாது. எனவே சாம்பல் வருமுன்னரே ஆய்வுக்கூட அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஊர்க் கிணற்றுக்கும் ஆழ்குழாய்க்கும் அருகில் சாம்பல் வேண்டா என்று தீர்மானம் போடுங்கள். அருகிலுள்ள கிணறுகளின் நீரை வேலைக்கு முன்னர் ஒரு முறையும், மழைக்காலம் கழிந்து ஒரு முறையும் சோதிக்கச் செய்யுங்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் நன்செயில் சாம்பலை நேரே தரையில் இட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது நீரை மேலே இழுக்கும். இதைத் தடுக்க அடியில் அரை மீட்டர் பரும மணலோ சரளோ பரப்புதல் வேண்டும்.

வேலை நடக்கும்பொழுது பார்க்க வேண்டியவை பல இல்லை. லாரியில் சாம்பலைத் தார்ப்பாயால் மூடி, ஈரத்தோடு கொண்டுவருதல் வேண்டும். இறக்கியதும் 20 முதல் 25 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, நீர் தெளித்து, அதிரும் உருளையால் இறுக்குதல் வேண்டும். நடுவில் சாம்பல் உயர உயரப் பக்கத்து மண் போர்வையும் கூடவே உயர்ந்து வருதல் முக்கியம். ‘சாம்பலை முடித்துவிட்டுப் பிறகு மண் ஒட்டுகிறோம்’ என்று குத்தகைதாரர் கூறினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒட்டிய மண் முதல் மழையில் தனியே வழுக்கி இறங்கும். போர்வை முடிந்தவுடன் புல் பதிக்கச் செய்யுங்கள். சரிவில் தென்னை நார் விரிப்பு இட்டு அதனூடே புல் வளர்ப்பது நல்ல முறை. கிராமச் சாலைத் திட்டத்தில் நார் விரிப்பைப் பயன்படுத்த மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2020-இல் இசைவு அளித்திருக்கிறது.

காலமும் பார்க்க வேண்டும். பிசான அறுவடை முடிந்து வயல் காயும் மாசி, பங்குனியில் தொடங்கி, காருக்குத் தண்ணீர் திறக்குமுன் அடித்தளமும் கரையும் ஒருவாறு முடிந்துவிடல் நலம். எக்காரணம் பற்றியும் மூடாத சாம்பலோடு ஐப்பசி மழையை எதிர்கொள்ளலாகாது.

கரை எழும்பிய பின் அதன் மேல் உடனே தார் போட அவசரப்பட வேண்டா. கரை தொடங்கும் நாளிலேயே அடியில் இரும்புத் தகடு ஒன்றை வைத்து, அதில் நட்ட கம்பி மேலே தெரியும்படி விட்டால், எவ்வளவு தாழ்ந்தது என்பதை மாதந்தோறும் அளக்கலாம். தாழ்வு குறைந்து நிற்கும் மாதத்தில் தார் போடலாம். பாலத்தின் இரு புறமும் ஒவ்வொரு கம்பியும், நடுவே நூறு மீட்டருக்கு ஒன்றும் போதும். அளக்கும் எஞ்சினீயர் மாற்றலாகிப் போகலாம். ஆகவே அந்த அளவுகளை எழுதும் நோட்டு ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்திலும் இருத்தல் வேண்டும்.